பந்தியின் கடைசி இலை

கேள்வி: ஒரே திருப்பூர், ஒரே பனியன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒரு கூலி, ஜாப் ஒர்க் யூனிட்டில் அதைவிடக் குறைவு. பெண்களுக்கு அதிலும் குறைவு. ஏன்?
(வாசகி, அவிநாசி)

பதில்: விலையைச் சொல்வது வெளிநாட்டு பிராண்டுக்காரர். எக்ஸ்போர்ட்டர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ஜாப் ஒர்க்காரரிடம் தள்ளுகிறார். இவரால் வாடகையைக் குறைக்க முடியாது, கரண்ட் பில்லைக் குறைக்க முடியாது. கூலியில்தான் கை வைக்க முடியும். பந்தியில் கடைசி இலைக்கு வெறும் ரசம்தானே வரும்!

பெண்கள் விஷயத்தில் சாமர்த்தியம் இன்னும் அதிகம். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் என்ன, வேலையையே பிரித்துவிட்டால் போயிற்று! கட்டிங், அயர்னிங் பெரும்பாலும் ஆண்களுக்கு. பிசிர் வெட்டுவது, மடிப்பது, செக்கிங் பெண்களுக்கு. செக்கிங்கில் ஓட்டைகள் தப்பினால் மொத்த ஆர்டரும் திரும்பி வரலாம். அவ்வளவு பொறுப்பான அம்மாவுக்குச் சம்பளப் பட்டியலில் பெயர் மட்டும் ‘ஹெல்பர்’.