ஹார்ட் டிஸ்க் பிழைப் பதிவுகளும் கழற்றி மாட்டல் மரபும்: ஒரு முன்னாய்வு

விண்டோஸ் கணினியின் ஈவென்ட் வியூவரைத் திறந்து ‘சிஸ்டம்’ என்னும் காண்டத்தைப் புரட்டுவோர் ஓர் உண்மையைக் காண்பர். ஒரே வரி, தேதியும் நேரமும் மட்டும் மாறி, பக்கம் பக்கமாக வந்துகொண்டேயிருக்கும். இந்த நடை நம் கருத்தரங்கக் கட்டுரைத் தொகுதிகளில் நெடுங்காலமாக வழங்கிவருவதே. கணினி அதை எங்கே கற்றது என்பது தனி ஆய்வுக்குரியது.

முதலில் வகைப்பாடு. வகைப்பாடு இல்லாத ஆய்வுக்குப் பட்டம் இல்லை என்ப.

7ஆம் எண் பிழை, டிஸ்கில் பேட் பிளாக் இருப்பதாக நேராகவே சொல்லிவிடுகிறது. ஆகவே இதற்கு உரை எழவில்லை. 11ஆம் எண் கன்ட்ரோலர் மீது பழி சொல்கிறது. சொல்வது டிரைவர், கன்ட்ரோலர் தரப்பு இதுவரை கேட்கப்படவில்லை. 51, பேஜிங் நடக்கையில் நேர்ந்த இடறல். 153, ஓர் இடத்துத் தரவைக் கேட்டு, கிடைக்காமல், மறுபடி கேட்டதைக் குறிக்கும். விண்டோஸ் 8 வருவதற்கு முற்பட்ட பதிவுகளில் இது காணப்படாமையின் பிற்காலச் சேர்க்கை எனத் துணிக. 157ஆம் எண், டிஸ்க் திடீரென அகற்றப்பட்டதாக அறிவிக்கும். பதிவு முழுவதிலும் மெய்ப்பாடு உடைய வரி இது ஒன்றே. எட்டனுள் மருட்கையின்பாற் படும்.

‘ஹார்ட் டிஸ்க் 1’ என்று பதிவு சொன்னால் அது இரண்டாவது டிஸ்க். எண்ணிக்கை 0இல் தொடங்குவதே காரணம். இதை அறியாது நல்ல டிஸ்கைக் கழற்றி வீசிவிட்டுக் கெட்டதன்மேல் விண்டோஸை மறுபடி ஏற்றியோர் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எண்ணைப் பார்த்து, டிஸ்கின் மேலே ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணோடு ஒத்துப்பார்க்கும் வழக்கம் கடைக்காரப் பையன்களிடம் உண்டு. அறிஞரிடை இல்லை.

இனி நோய்முதல். இதில் மூன்று கட்சிகள். தட்டே கெட்டது என்பார் தட்டுக்கட்சியார். சாட்டா கேபிளே குற்றவாளி என்பார் கேபிள்கட்சியார். எது கேட்டாலும் ‘எஸ்.எம்.பி.எஸ். மாத்துங்க சார்’ என்பார் மூன்றாம் கட்சியார். இவர் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். விற்பவர்.

இப்பூசலைத் தீர்க்கும் சான்று டிஸ்கினுள்ளேயே இருப்பது வருந்தத்தக்கது. ஸ்மார்ட் என்னும் தற்குறிப்பேட்டில் 5ஆம் இலக்கம், பழுதான செக்டர்களுக்குப் பதிலாக மாற்றிடம் தரப்பட்டவற்றின் கணக்கு. 197, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. இவ்விரண்டும் ஏறிக்கொண்டே போனால் தட்டுக்கட்சி வென்றது. 199, டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தரவு சிதைந்த தடவைகள். அது ஏறினால் பெரும்பாலும் கேபிள். கேபிளை மாற்றிய பின்னும் 199இன் எண் குறையாது. குறையவேண்டியதும் இல்லை, ஏறாமல் நின்றால் போதும். இதை அறியாமல் புதுக் கேபிளும் பழுது என்று அடுத்த கேபிள் வாங்கியோர் உளர். கேபிள் விற்போர் இவர்களைப் போற்றுவர்.

ஈண்டு, இவ்வாய்வின் உயிர்நிலையாகிய கழற்றி மாட்டல். கேபிளைக் கழற்றித் திரும்ப மாட்டினால் பிழை நின்றுவிடுவது பலரும் கண்டது. சரியாக உட்காராத முனை உட்கார்ந்துவிடுகிறது, அவ்வளவே என்பது பாமரர் விளக்கம். ஆனால் குணம் தருவது கழற்றலா, மாட்டலா? கழற்றலே என்றார் பெயர் தெரியாத பழைய உரைகாரர். மாட்டலே என்று அவருடைய மாணவர், ஆசிரியர் பணி ஓய்வு பெற்ற மறுநாள் மறுத்தார். இரண்டுக்கும் இடையே முனையில் ‘ஃபூ’ என்று ஊதுவதே உண்மை மருந்து என்பது மூன்றாம் உரை. எச்சில் தெறிக்கும், ஊதாதே என்னும் கடைக்காரர் கூற்றை இவ்வுரை இடைச்செருகல் என ஒதுக்கும். ஊதுதல் வாயாலா, பம்பாலா என்பது பற்றி மூன்றாம் உரைகாரரின் மைத்துனர் எழுதிய அச்சேறாத நூலின் ஏழாம் பாகத்தில் ஓர் அடிக்குறிப்பு உண்டு. அவ்வடிக்குறிப்புக்கு ஓர் அடிக்குறிப்பும் உண்டு. அதில் ‘மேலே காண்க’ என்றிருக்கிறது. மேலே இருந்த ஏடு செல்லரித்துவிட்டது. செல்லரித்த பகுதியை முன்வைத்து மூவர் முனைவர் ஆயினர்.

இறுதியில் கழற்றல் கட்சியார் ஒரு சோதனை செய்தனர். கழற்றினர், மாட்டவில்லை. பிழைப் பதிவு அறவே நின்றது. டிஸ்கே தெரியவில்லையே என்று மாணவர் எழுப்பிய வினா, வேறு துறைக்குரியது எனத் தள்ளுபடியானது.

அயல்நாட்டு ஆய்வொன்றையும் கண்டிக்க வேண்டியுள்ளது. 2007இல் கூகுளைச் சேர்ந்த மூவர், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து எழுதினர். ஸ்கேனில் முதற் பிழை கண்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் போய்விடும் வாய்ப்பு, பிழை காணாததைவிட 39 மடங்கு என்றனர். போய்விட்ட டிஸ்குகளில் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, வெப்பநிலை நீங்கலாக, ஸ்மார்ட்டின் எந்தக் கணக்கிலும் ஓர் அறிகுறியும் காட்டாமலே போயின என்றும் சேர்த்தனர். முன்னுரையில் யாருக்கும் பொன்னாடை போர்த்தவில்லை. துறைத்தலைவரின் நூல்கள் எவையும் மேற்கோளாக இல்லை. ஆகவே இதை ஆய்வு என ஏற்பதற்கில்லை.

சிகிச்சை: ‘செக் டிஸ்க்’கை /r சேர்த்து ஓட்டுவது. சாகக் கிடக்கும் டிஸ்கின் ஒவ்வொரு செக்டரையும் மணிக்கணக்காகப் படிக்கவைத்து, இருக்கும் உயிரையும் வாங்கக்கூடியது. தரவை முதலில் வேறு டிஸ்குக்கு நகலெடுத்துவிட்டு இதை ஓட்டுவோர், சோதனையின் தூய்மையைக் கெடுத்தோர் ஆவர்.

பேக்கப்: இதன் தேவை பற்றி எல்லாக் கட்சியாரும் ஒரே கருத்தினர். கருத்து வேறுபாடு இல்லாமையால் இது ஆய்வுப் பொருள் அன்று; எவரும் எடுத்ததாகவும் சான்று இல்லை.