மங்களூரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

என்னிடம் இருப்பது ஸ்போர்ட்ஸ் கார். இதை மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டவர் எங்கள் ஊரில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர்தான். அப்படி எழுதினால் பிரீமியம் கூடும் என்பதை அதே மூச்சில் சொன்னார். உடனே குடும்ப வண்டி என்று போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இந்த விவரம் வீட்டுக்குத் தெரியாது.

ஊர் மங்களூர். கடற்கரை, மீன் குழம்பு, கர்நாடகம் என்று மனம் போயிருந்தால் தயவுசெய்து திரும்பி வாருங்கள். இது கடலூர் மாவட்டத்து மங்களூர். விருத்தாசலத்துக்கு மேற்கே, திட்டக்குடிப் பக்கம், மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற பூமி. கடல் எங்களுக்கு மாவட்டத்தின் பெயரில் மட்டும்தான். சென்னை புதுப்பேட்டையில் சொல்லிவைத்து அனுப்பச் சொன்ன வாட்டர் பம்ப் ஒன்று, பின்கோடு பார்க்காத யாரோ ஒரு புண்ணியவானால் அரபிக் கடலோரம் வரை போய்விட்டு வந்தது. என் கார் இன்றுவரை விருத்தாசலத்தைத் தாண்டியதில்லை. அதன் வாட்டர் பம்ப் வெளிமாநிலம் பார்த்துவிட்டது.

வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1948இல் மெட்ராஸில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி, 1961 முதல் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்த கார். புதுக் கார் வேண்டுமென்றால் அம்பாசிடர், பியட், ஹெரால்டு என்று மூன்றுக்குள் தேடவேண்டியிருந்த காலம். விருத்தாசலத்தில் டாக்டராக இருந்த பெரியப்பா மூன்றாவதை வாங்கினார். அவர் காலத்துக்குப் பிறகு அது எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு வந்து, மக்காச்சோள மூட்டை அடுக்கும் மேடையாக வெகுகாலம் உத்தியோகம் பார்த்தது. மூட்டையை இறக்கிவிட்டு அதைக் காராக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "அப்ப மூட்டைய எங்க வைக்கிறது?"

என் கட்சி இதுதான். இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் நம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1962இல் அதே சேசிஸின் நீளத்தைக் குறைத்து, அதே இன்ஜினைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதே முன் சஸ்பென்ஷனையும் பின் பட்டையையும் போட்டு, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்று ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியில் டூரின் நகரத்து ஜோவான்னி மிக்கெலோட்டி. ஆக ஸ்பிட்ஃபயரும் என் ஹெரால்டும் பங்காளிகள். அவன் 1147 சிசி, இரண்டு கார்புரேட்டர், 63 குதிரைத்திறன் என்று சீமையில் மேல்சட்டை இல்லாமல் சுற்றினான். இவன் 948 சிசியோடு, அதில் ஏறக்குறையப் பாதிக் குதிரைகளை வைத்துக்கொண்டு, மெட்ராஸில் குடும்பம் நடத்தினான். ரத்தம் ஒன்றுதானே?

இதை முழுவதும் கேட்ட என் மனைவி, "பங்காளி கலெக்டர்னா நீங்களும் கலெக்டராங்க?" என்றாள்.

நான் விடவில்லை. 1961இல் லேலண்ட் கம்பெனி டிரையம்பை வாங்கியபோது, புதிதாக வந்த அதிகாரி ஒருவர் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கையில், மூலையில் துணி போர்த்திக் கிடந்த மாதிரி வண்டி கண்ணில் பட்டது. அதுதான் ஸ்பிட்ஃபயர். பணமில்லாமல் கிடப்பில் போட்டிருந்தார்கள். அவர் துணியை விலக்கிப் பார்த்திராவிட்டால் அந்தக் காரே வந்திருக்காது. உலகப் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரும் ஒரு காலத்தில் படுதாவுக்கு அடியில் கிடந்ததுதான் என்று அம்மாவிடம் விளக்கினேன்.

"அதுலயும் எலி இருந்துச்சாப்பா?" என்று அம்மா கேட்டார்.

எலி பற்றிச் சொல்லியாகவேண்டும். மக்காச்சோளத்துக்கு வந்த எலிகள், சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போடுகிற மாதிரி, வயரிங்கை மென்றிருந்தன. டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டால் செம்புக் கம்பி மட்டும் முடி முடியாக வந்தது. பழைய கார் வயரிங் தெரிந்தவர் யாரும் கிடைக்காததால் விருத்தாசலத்தில் வீட்டு வயரிங் செய்கிற ஒருவர் மனமிரங்கி வந்தார். கெட்டிக்காரர். ஒரே பகலில் எல்லாக் கம்பியையும் மாற்றி, பானெட்டுக்குள் சுவரோரமாக ஒரு மரப்பலகை அடித்து, அதன்மேல் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கேரியர்கள் மூன்றை வரிசையாகத் திருகி வைத்துவிட்டார். வீட்டு மெயின் போர்டுக்குப் பக்கத்தில் இருக்குமே, பிடுங்கிச் செருகுகிற கட்டை, அதேதான். "நம்ம ஊரு சூளையில வெந்ததுங்க, இடி விழுந்தாலும் தாங்கும்" என்றார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. விருத்தாசலம் செராமிக் ஊர். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண், தொழிற்பேட்டைச் சூளைகள், செராமிக் படிப்புக்கென்றே ஓர் அரசுக் கல்வி நிறுவனம். ஃபியூஸ் கட்டையும், கார்த்திகைக்கு அகலும், கொலுவுக்குப் பொம்மையும் அங்கிருந்துதான் வண்டி ஏறுகின்றன. அந்தப் படிப்பைப் படித்த என் மச்சான் ஒருநாள் ஹெரால்டின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வெள்ளைக் கழுத்தை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு வகுப்பெடுத்தார். இது சாதாரணப் பீங்கான் இல்லை, அலுமினா. 1600 டிகிரிக்குக் கிட்டத்தில் சுடவேண்டும், டீக்கப் அந்தச் சூட்டில் உருகி வழிந்துவிடும். இப்படி நெடுநேரம் பேசிவிட்டு, பிளக்கை எங்கே வைத்தார் என்பதை மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று சிலிண்டரில் ஓடினால் ஹெரால்டு எப்படி உறுமும் என்பதை அன்று தெருவே கேட்டது. ஸ்போர்ட்ஸ் கார் சத்தம் என்றே நான் சொல்லிக்கொண்டேன்.

மங்களூரில் வண்டி என்றால் டிராக்டர். ஆகவே என் நிரந்தர மெக்கானிக் ஒரு டிராக்டர் மெக்கானிக். ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். திறந்தால் காரில் பாதி காணாமல் போய்விடும். இன்ஜின், ரேடியேட்டர், முன் சக்கரம் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். அவர் முன் டயரின்மேல் உட்கார்ந்து, டீ குடித்தபடியே வேலை பார்ப்பார். எதிர் டயரில் தெருக்காரர் யாராவது உட்கார்ந்திருப்பார். டயர் காலியாக இருக்கிறதா என்று தூரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

எங்கள் இருவருக்கும் தீராத தகராறு ஒன்றே. முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு பித்தளைக் கூட்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே சுற்றிக்கொடுக்கும். டிரன்னியன் என்று பெயர். ஸ்பிட்ஃபயருக்கும் இதே கூடுதான். அதற்குக் கிரீஸ் ஆகாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் போடவேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் கெட்டித்துப் போகும், உள்ளே தண்ணீர் தங்கும், துரு தண்டை அரிக்கும், ஒருநாள் திருப்பத்தில் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். இங்கிலாந்தில் ஹெரால்டு வைத்திருப்பவர்கள் குழந்தைக்குச் சொட்டு மருந்து போடுகிற பயபக்தியோடு இதைச் செய்கிறார்கள்.

நம்மவர் கேட்டது ஒரே கேள்வி: "கிரீஸ் நிப்பிள்ல கிரீஸ் அடிக்காம குங்குமமாண்ணே வைப்பாங்க?"

வேறு வழியில்லாமல் அவரை மயக்க ஒரு சரித்திரத்தை எடுத்துவிட்டேன். டிரையம்பைத் தன் கையில் வைத்திருந்த ஸ்டாண்டர்டு கம்பெனிதான் இங்கிலாந்தில் ஃபெர்குசன் டிராக்டரையும் செய்தது. அவர்களுடைய வேன்கார்டு காரின் இன்ஜினும் ஃபெர்குசனின் இன்ஜினும் ஒரே குடும்பம். அந்த இன்ஜினையே கொஞ்சம் திருத்தி 1953இல் டிரையம்ப் டிஆர்2 என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரில் போட்டார்கள். மணிக்கு நூறு மைலைத் தாண்டி ஓடியது. டயரிலிருந்து இறங்கி நின்றுவிட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப டிராக்டரும் ஸ்போர்ட்ஸ் கார்தான்னு சொல்லுங்க!" அன்றிலிருந்து கிரீஸ் கன்னில் ஆயிலை ஊற்றி, பாதியைக் கூட்டுக்குள்ளும் மீதியை வாசலிலும் அடிக்கிறார். சனிக்கிழமைதான் செய்வார். எண்ணெய் தேய்க்கிற கிழமை என்று காரணமும் சொல்கிறார். ஆனால் அவர் மகன் ஏர் ஓட்டப் போகும்போது "தம்பி ரேஸுக்குப் போறான்" என்று என்னைப் பார்த்துச் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

இந்த வண்டியின் இன்னொரு குணம், அது போல்ட்டு போட்டுக் கோத்த வண்டி. டிரையம்புக்குப் பாடி செய்துகொடுத்த கம்பெனியை 1953இல் போட்டிக் கம்பெனி வாங்கிக்கொண்டது. அதனால் ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் செய்து, பாடியை அங்கங்கே துண்டு துண்டாகச் செய்து வாங்கி, அதன்மேல் முடுக்கினார்கள். டிங்கர் வேலைக்கு இதைவிட வசதி இல்லை. துருப்பிடித்த துண்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். ஆனால் மங்களூரிலிருந்து திட்டக்குடி போவதற்குள் ஒவ்வொரு நட்டும் தனித்தனியாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. முதலில் கதவு பேசும். அப்புறம் டிக்கி. வீட்டுக்கு வந்து இன்ஜினை அணைத்தபிறகும் ஏதோ ஒன்று முனகிக்கொண்டே இருக்கும்.

பெட்ரோலிலும் இப்போது 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது, பம்ப்பின் டயாஃப்ரம் விறைத்துப்போகிறது. வாய்விட்டுத் திட்டவும் முடியாது. மாமனார் வீட்டில் கரும்பு.

சோழவரம் பேச்சை எடுக்காமல் என் வாதம் முடியாது. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. பந்தயம் ஓடினால் ஸ்போர்ட்ஸ், அதற்குமேல் என்ன சாட்சி? தவிர, என்னுடையது ஆரம்பகாலத்து இரண்டு கதவு வண்டி. பின்னால் வந்த நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவைத் தவிர உலகத்தில் எங்கும் கிடையாது. மாமியார்களை உத்தேசித்துச் செய்தது என்பது என் ஊகம். என் வண்டியில் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி, தலையைக் குனிந்து, இடது காலை முதலில் விடவேண்டும். அம்மா ஒருமுறை ஏறினார். இறங்குவதற்கு ஆள் வரவழைக்கவேண்டியதாயிற்று.

2021இல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் எதையும் மாற்றாமல் அசலாக இருந்தால் விண்டேஜ் என்று பதிந்துகொள்ளலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பீங்கான் ஃபியூஸ் அந்த மூன்றில் எதிலும் சேராது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை நினைத்தபடி ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம்.

போன ஆவணியில் விருத்தாசலத்தில் மச்சான் வீட்டுக் கல்யாணம். வண்டியைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தேன். பட்டுப்புடவையோடு வந்த மனைவி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பதிவுக்கு விண்ணப்பிக்கப்போவதைச் சொல்லி, அதற்குப் பிறகு கல்யாணம் காட்சிக்கெல்லாம் இதை எடுக்கச் சட்டம் இடம் தராது, ஆசை இருந்தால் இன்றைக்கே ஏறிக்கொள் என்றேன்.

"ஏன் தராது? மண்டப வாசல்ல நிறுத்தினா நாலு பேர் பார்ப்பாங்க, அது கண்காட்சி. போற வழியில எப்படியும் நிக்கும், அது பராமரிப்பு. ஏன் நின்னுச்சுன்னு பானெட்டத் திறந்து வச்சிக்கிட்டு நீங்க யோசிப்பீங்க, அது ஆராய்ச்சி. நீங்க தாராளமா எடுத்துட்டு வாங்க" என்றாள். "நானும் அத்தையும் பஸ்ல முன்னாடி போறோம்."