கெப்போங் ரவுண்டு

ஞாயிற்றுக்கிழமை பசியாறி முடித்ததும் யாராவது ஒருவன் வாசலில் நின்று விசில் அடிப்பான். அந்த விசிலுக்கு ஒரே அர்த்தம்தான்: கெப்போங் ரவுண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடும் ஒன்று. 1960களின் நடுப்பகுதி அது. அப்பா ஃபயர்மேன் என்பதால் வீட்டில் ரயில்வே பாஸ் இருந்தது, செலவழிக்கக் காசு இல்லை. பாஸ் எங்கே கொண்டுபோய் இறக்கிவிடுமோ அதுவே எங்கள் உல்லாசப் பயணம். வாழையிலையில் மடித்த நாசி லெமாக், ஒரு போத்தல் தண்ணீர், ஆளுக்கு இருபது காசு. உங்களுக்கும் இப்படி ஒரு ஞாயிறு இருந்திருக்கும். ஊர்தான் வேறாக இருக்கும்.

1910இல் கட்டிய கோலாலம்பூர் ஸ்டேசனின் வெள்ளைக் குவிமாடங்களுக்குக் கீழே வண்டி ஏறினால், செகாம்புட் தாண்டிக் கெப்போங். அன்று வடக்கே போகும் மெதுவான வண்டிகளை இழுத்த நீராவி எஞ்சின்களுக்கு ஊர்ப் பெயர்கள் வைத்திருந்தார்கள். தெமர்லோ என்று ஓர் எஞ்சின் உண்டு. அந்த ஊரைப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன். தாத்தா காலத்தில் பத்து ஆராங் சுரங்கத்து நிலக்கரியைத் தின்ற எஞ்சின்கள், அப்பா காலத்தில் எண்ணெய்க்கு மாறியிருந்தன. 1957இல், சுதந்திரம் வந்த அதே ஆண்டில், இங்கிலாந்திலிருந்து டீசல் எஞ்சின்களும் வந்து சேர்ந்துவிட்டன. ஆனாலும் யார்டில் நீராவியின் கூவல் இன்னும் ஓயவில்லை. ஒவ்வொரு டிரைவரும் விசில் கயிற்றை ஒவ்வொரு விதமாக இழுப்பார். அப்பா போகும் வண்டியின் கூவலை அம்மா மற்றவற்றிலிருந்து பிரித்தறிந்து, அது கேட்ட பிறகுதான் உலையில் அரிசி போடுவார். அப்பா கைகால் கழுவி உட்காரும்போது சோறு சரியாக வடித்து இறக்கியிருக்கும். இன்று என் மகள் எங்கே வருகிறாள் என்பதைக் கைத்தொலைபேசியில் ஒரு நீலப் புள்ளி காட்டுகிறது. மிக உதவியான புள்ளி, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்ற அந்த அடுப்படி நிமிடம் அதற்குள் இல்லை.

கெப்போங்கில் இறங்கினால் யாழ்ப்பாணத்து ஸ்டேசன் மாஸ்டர் வாசலில் நிற்பார். அந்தக் காலத்தில் ஸ்டேசனுக்கு ஸ்டேசன் அவர்கள்தான். "எங்கை போறியள் பிள்ளையள்? நேரத்துக்கு வந்திடுங்கோ, வண்டி உங்களுக்காக நிக்காது" என்பார். அவர் தமிழின் இழுப்பை வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடப்போம். ஸ்டேசனுக்கு வெளியே அப்பாவின் சித்தப்பா, எங்களுக்குச் சின்னத் தாத்தா, காக்கி அரைக்கால் சட்டையும் கையில் ஒரு பாராங் கத்தியுமாகக் காத்திருப்பார். இளவயதிலிருந்து கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தில் கூலி வேலை பார்த்தவர். காட்டுக்குள் எங்களை அழைத்துப்போகும் உரிமை அந்த வகையில் அவருக்கு மட்டுமே இருந்தது.

முதலில் வரும் பொட்டலை எப்படிச் சொல்வது? ஈயலம்பம் என்ற ஈயச் சுரங்கம் முடிந்துபோன நிலம். பாலோங் என்னும் ஈயம் அலசும் மரவாய்க்கால் கழுவித் தள்ளிய வெள்ளை மணல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். மேட்டில் லாலாங் புல், பள்ளத்தில் பச்சை நிறத்தில் ஆழம் தெரியாத ஈயக் குட்டை. காற்று வீசும்போது லாலாங்கின் வெள்ளைப் பூக்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து மீண்டும் எழும். நிழலுக்கு ஒரு செடி இருக்காது, வெயில் மணலில் பட்டுக் கண்ணைக் கூசும். பள்ளிப் புத்தகத்தில் இங்கிலாந்தின் பொட்டல் மேடுகளைப் படித்தபோது எனக்கு இந்த இடம்தான் கண்முன் வந்தது. கோலாலம்பூரே ஈயத்துக்காகப் பிறந்த ஊர். 1857இல் அம்பாங்கில் ஈயம் தேடி ஆற்று வழியாக வந்த சீனத் தொழிலாளர்கள், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் இறங்கித் தொடங்கியது. அதன் பிறகு பள்ளத்தாக்கு முழுவதையும் தோண்டித் தோண்டி இப்படிப் போட்டுவிட்டார்கள். அந்த வெறுமை என்றைக்கும் அப்படியே கிடக்கும், அதற்குப் பக்கத்தில் நிற்கும் காடோ உலகம் தோன்றிய நாளிலிருந்து நிற்கிறது என்று நாங்கள் உறுதியாக நம்பினோம்.

மணல்காடு முடிந்து காட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் உடம்பு குளிரும். தலைக்கு மேலே காப்பூர் மரங்கள். ஒரு மரத்தின் உச்சி அடுத்த மரத்தின் உச்சியைத் தொடாமல் சிறு இடைவெளி விட்டு நிற்கும். அண்ணாந்து பார்த்தால் இலைகளுக்கு நடுவே வானம் மெல்லிய ஆறுகளாக ஓடும். சின்னத் தாத்தா ஓர் இலையைப் பறித்துக் கசக்கி எங்கள் மூக்கருகே நீட்டுவார். மண்ணெண்ணெய்க்கும் கற்பூரத்துக்கும் நடுவில் ஒரு வாசனை. "இது சாமி மரம்டா, பச்சைக் கற்பூரம் இதிலதான்" என்பார். சுமத்திராவின் பாரூஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது என்பதும், நம் ஐந்நூற்றுவர் வணிகர்கள் போய் இறங்கிய அந்தக் கரை கற்பூரத்துக்குப் பேர்போனது என்பதும் அவருக்குத் தெரியாது. நானே ஐம்பது வயதுக்கு மேல்தான் படித்தேன். அவருக்குத் தெரிந்தது வாசனை.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்வார்: "இந்த மரத்தையெல்லாம் நாங்கதான் நட்டோம்."

நாங்கள் சிரிப்போம். "தாத்தா, காட்ட யாராச்சும் நடுவாங்களா? அது கடவுள் நட்டதில்ல?" என்று என் நண்பன் ஒருவன் கேட்டது ஞாபகம் இருக்கிறது. சின்னத் தாத்தா வாதாடமாட்டார். பாராங்கால் வழியில் கிடக்கும் கொடியை ஒதுக்கிவிட்டு முன்னே நடப்பார்.

அருவி பெரியதில்லை. பாறை மேல் பரவி இறங்கும் ஒரு வெள்ளைத் துணி, கீழே இடுப்பளவு தண்ணீர், அவ்வளவுதான். காஞ்சிங்கில் ஏழு அடுக்காக விழும் அருவியைப் பிற்காலத்தில் பார்த்தபோது ரசித்தேனே தவிர, மனம் இந்தச் சின்ன அருவியைத்தான் தேடியது. குளித்து, கால்களில் ஏறிய அட்டைகளை உப்புத் தடவி உதிர்த்து, ஈரக் கையோடு நெத்திலி சம்பலைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்ட ருசிக்கு இணையாக இந்த அறுபது ஆண்டுகளில் எதையும் சாப்பிடவில்லை. பிறகு காட்டின் மறுபக்கமாக இறங்கி, சீனர்களின் காய்கறித் தோட்டங்கள் வழியே மறுபடி ஸ்டேசன். வட்டம் முடியும்.

எது நிலைக்கும், எது போகும் என்று நாங்கள் போட்ட கணக்கு பெரும்பாலும் தலைகீழானது. நிலையானது என்று நம்பிய நீராவி முதலில் போனது. 1985இல் ஈய விலை சரிந்து, லம்பங்களும் ஒவ்வொன்றாக மூடின. அந்தப் பொட்டல்களும் குட்டைகளும் இன்று பூங்கா, பேரங்காடி, அடுக்குமாடி. சன்வேயில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் நீர்ப் பூங்காவும் பழைய ஈயலம்பம்தான். எஞ்சின்கள் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் யார்டின் மேல் 2001இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது, ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் இன்று இல்லை. குளிர்ந்த, வேகமான, சுத்தமான வண்டிகள் வந்தன. முழங்கால் வலிக்கும் இந்த வயதில் அவற்றுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அப்பாவின் சுவாசப்பையை நிரப்பிய புகை என் பேரனுக்குள் போகவில்லை என்பதும் சிறிய விஷயமில்லை.

காடு மட்டும் நின்றது. 2025 ஜூலையில் அந்தக் கெப்போங் காட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்த செய்தியைப் படித்தபோது, நாளிதழைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1920களில் அந்த இடம் ஈயம் தோண்டித் தேய்ந்த நிலமும் காய்கறிப் பாத்திகளும்தான். பெரிய மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே மிஞ்சியிருந்தன. 1926இல் ஃபாக்ஸ்வொர்தி என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு நாற்று நட்டே ஐந்நூறு ஹெக்டேருக்கு மேல் மழைக்காட்டைத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். நாங்கள் கண் கூசிக்கொண்டு கடந்ததைப் போன்ற அதே வெள்ளை மணலிலிருந்து. நாங்கள் அண்ணாந்து பார்த்த மரங்களுக்கு அன்று அப்பாவின் வயதுகூட இருந்திருக்காது.

அப்படியானால் சின்னத் தாத்தா சொன்னது உண்மை. அவர் போய் நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்: குழி எவ்வளவு ஆழம் தோண்டினீர்கள், அந்த மணலில் வேர் எப்படிப் பிடித்தது, நாள் கூலி எத்தனை காசு. நாங்கள் சிரித்துவிட்டுத் தண்ணீரில் குதிக்கப் போய்விட்டோம்.

போன மாதம் பேரனை அழைத்துக்கொண்டு அதே ரவுண்டு போனேன். கெப்போங் சென்ட்ரல் வரை ரயில், அங்கிருந்து கார். மணல்காடு இருந்த பக்கம் எது என்று என்னால் காட்ட முடியவில்லை, எங்கும் வீடுகள். டிக்கெட் வாங்கி உள்ளே போனதும் அதே குளிர்ச்சி. கீழே கிடந்த காப்பூர் இலையை எடுத்துக் கசக்கி அவன் மூக்கருகே நீட்டினேன். முகம் சுளித்தான், பிறகு இன்னொரு தரம் கேட்டு வாங்கி முகர்ந்தான். சின்னத் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"அவங்க நட்ட மரம் எது தாத்தா?"

தெரியாது என்றேன். கொஞ்சம் யோசித்தான். பக்கத்து மரத்தில் உள்ளங்கையை வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனான், பிறகு அதற்கடுத்ததற்கு. அருவிக்குப் போய்ச்சேர எங்களுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.