கொல்லன் தெருவில் ஊசி

ஓக்லஹோமா மாநிலத்தில் மொத்தம் 77 கவுண்டிகள். 2024 தேர்தலில் எழுபத்தேழையும் டிரம்பே அள்ளினார். பைபிளுக்குப் பஞ்சமே இல்லாத பூமி. அங்கேதான் மாநிலக் கல்வித் தலைவர் ரயன் வால்டர்ஸ், வகுப்பறைதோறும் பைபிள் இருந்தாக வேண்டும் என்று அந்த ஆண்டு ஜூனில் உத்தரவு போட்டார்.

அடுத்து, 55,000 பிரதிகளுக்கு டெண்டர். கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு, தோல் அல்லது தோல் மாதிரி அட்டை, உள்ளே அரசியல் சாசனமும் சுதந்திரப் பிரகடனமும் கட்டாயம். மோசேயே வந்து விண்ணப்பித்திருந்தாலும், ‘கற்பலகை செல்லாது’ என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். டிரம்ப் விளம்பரப்படுத்திய 60 டாலர் பைபிளுக்கோ அது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஊர் சிரித்ததும் நிபந்தனையைத் தளர்த்தினார்கள். அந்த தேசபக்த பைபிள் ஆயிரக்கணக்கில் சீனாவில் அச்சாகி வந்தது தனிக்கதை.

2025-ல் வால்டர்ஸ் பதவி விலகினார். அடுத்து வந்தவர் உத்தரவை ரத்து செய்தார்.

அதே ஓக்லஹோமாவில் கிராமப்புறப் பள்ளிகள் பலவும் வாரத்துக்கு நான்கு நாள்தான் நடக்கின்றன. ஆறு நாள் உழைப்பு, ஒரு நாள் ஓய்வு என்கிறது வேதம். நான்கு நாள் படிப்பு, மூன்று நாள் ஓய்வு என்கிறது கால அட்டவணை. முதலில் கணக்கு வாத்தியாருக்கு டெண்டர் விட்டிருக்கலாம்.