பின்னால் புகை, முன்னால் பகை

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

ஆணையாளர் நாயகம் அவர்கள்,
மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம்,
நாரஹேன்பிட்ட, கொழும்பு 05.

விடயம்: வாகனங்களுக்கு முன்பக்கமும் உண்டு என்பதைப் பணிவுடன் அறியத்தருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

2008ஆம் ஆண்டு தொடக்கம் இந்நாட்டு வாகனங்களின் பின்புறத்தின்மீது தங்கள் திணைக்களம் காட்டிவரும் அக்கறைக்கு முதற்கண் நன்றி. வருடம் ஒருமுறை காரைக் கொண்டுபோய் வரிசையில் விடுகிறோம். சீருடை போட்ட தம்பி ஒருவர் சைலன்சருக்குள் ஒரு கம்பியைச் செருகுகிறார். எஞ்சினை உறும வைக்கிறார். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசிக்கிறது. காபனோரொட்சைட்டு இவ்வளவு, ஐதரோகாபன் இவ்வளவு என்று ஒரு தாள் வெளியே வருகிறது. அந்தத் தாளும் காப்புறுதித் தாளும் இருந்தால் தனியார் காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் கிடைத்துவிடும். இந்தச் சடங்கு முடியும்வரை காரின் முகம் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஹெட்லைட் எரிகிறதா, எரிந்தால் எங்கே அடிக்கிறது, றோட்டிலா வானத்திலா என்று ஒரு சீவனும் கேட்பதில்லை. தாளில் அதற்கென ஒரு கட்டமும் இல்லை.

அந்த முகம் யாரைப் பார்க்கிறது என்பதை அறிய ஆசையிருந்தால், இரவு எட்டு மணிக்குமேல் காலி வீதியில் சவோய் தியேட்டர் பக்கம் ஒருமுறை வந்து பாருங்கள். உத்தியோகபூர்வ வாகனத்தில் வேண்டாம், அதற்கு முன்னால் எல்லாரும் லைட்டை டிம் பண்ணிவிடுவார்கள். மோட்டார் சைக்கிளில் வாருங்கள், அல்லது நடந்து வாருங்கள். எதிரே ஒரு வெள்ளை வெளிச்சம் எழும்பும். வருவது காரா, வானா, கடவுளே காட்சி தருகிறாரா என்று தீர்மானிக்க முதல் அது உங்களைக் கடந்துவிடும். பிறகு ஒரு சில நொடிகள் கண்ணுக்குள் ஊதா வட்டங்கள். அந்த நொடிகளில்தான் புடவைக்கடை வாசலிலிருந்து ஒரு அம்மா பையோடு றோட்டில் இறங்குகிறார்.

இவ்வளவு வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று திணைக்களம் ஆராயத் தேவையில்லை. பஞ்சிகாவத்தையிலிருந்து வருகிறது. கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் ஒரு சோடி எல்.ஈ.டி. பல்ப் வாங்கி வந்தான். பெட்டியில் 20,000 லூமன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் சாதாரண எச்4 ஹலஜன் பல்ப் டிம்மில் ஏறத்தாழ 1,000 லூமனும் ஹை பீமில் ஏறத்தாழ 1,650 லூமனும் தருவது. அப்படியென்றால் இது அந்த ஹை பீமைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல்! பெட்டியில் யாரும் எதையும் எழுதலாம். பெட்டிக்குப் புகைப் பரிசோதனை கிடையாது.

ஜம்பட்டா வீதியை அண்டிய ஒரு ஒழுங்கையில், வீட்டு வாசலிலேயே வேலை நடந்தது. பொனெட்டைத் திறந்தான். மூன்று கால் பிளக்கை இழுத்தான், ரப்பர் மூடியை உரித்தான், கம்பிக் கிளிப்பை விலக்கினான். பழைய பல்ப் கையில் வந்தது. புதியதை வைத்து அழுத்தினான். தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்து, எதிர்வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த உடுப்புகளின் நிறம்கூடத் தெரிந்தது.

“முன்னுக்கு வாறவனுக்குக் கண் தெரியாதே, தம்பி?” என்று கேட்டேன்.

“அவனையும் ஒரு சோடி வாங்கிப் போடச் சொல்லுங்க, மாமா” என்றான்.

ஐயா, உலக வல்லரசுகள் அணுகுண்டு செய்ததற்குச் சொன்ன நியாயமும் இதுதான். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் இன்று நடந்துகொண்டிருப்பது ஓர் ஆயுதப் போட்டி. அவன் போட்டதால் இவன் போடுகிறான், இவன் போட்டதால் பஸ்காரர் போடுகிறார். போடாமல் இருப்பவர் ஒருவர்தான், அவருக்குக் கண் தெரிவதில்லை.

தாங்கள் நிர்வாகச் சேவையைச் சேர்ந்தவராக இருக்கலாம், பல்பைக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்ற எண்ணத்தில் ஒரு சிறு விளக்கம். 1971இல் வந்த அந்த எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. ஹை பீமுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழைக்குக் கீழே சின்னதாக ஒரு உலோகத் தொட்டி இருக்கும். இழையின் வெளிச்சம் பின்னாலிருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் பட்டு மேலே எறியப்படாமல் அது மறித்துப் பிடிக்கிறது. அதாவது, பல்புக்குள் இருக்கும் ஒரு பாகத்தின் ஒரே உத்தியோகம் எதிரே வருகிறவரின் கண்ணைக் காப்பது. கிடைக்கும் வெளிச்சத்தில் ஒரு பங்கை வேண்டுமென்றே வீணாக்கி மற்றவருக்கு மரியாதை செய்கிற பொருள் இந்த நாட்டு வீதியில் வேறெதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

எல்.ஈ.டி. பல்பில் இழை இல்லை, ஒரு தகட்டின் இரு பக்கமும் ஒட்டிய சில்லுகள்தான். இழை இருந்த அதே இடத்தில், அதே பருமனில் அந்தச் சில்லு இருந்தால் பிழையில்லை. இரண்டு மில்லிமீற்றர் தள்ளினாலும், பல்பைத் திருப்பி வைத்துச் சில்லுகள் இடம் வலமாகப் பாராமல் மேலும் கீழுமாகப் பார்த்தாலும், பின்னாலிருக்கும் கண்ணாடி வெளிச்சத்தைக் கண்டபடி எறியும். எறிந்ததில் பாதி மரத்தில் இருக்கும் காகத்துக்கு. மீதி எனக்கு.

மருமகனை மட்டும் குற்றம் சொல்லி இந்தக் கடிதத்தை முடித்துவிட மாட்டேன், ஏனென்றால் அவனுக்கும் ஒரு நியாயம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசாங்கம் தனியார் கார்களுக்குக் கதவைத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த கார்களே கிழடாகின. ஹெட்லைட்டின் முன்மூடி கண்ணாடியல்ல, பொலிகாபனேற் பிளாஸ்ரிக். கொழும்பு வெயில் பட்டுப்பட்டு அது மஞ்சளாகி மங்கிப்போகும். ஒழுங்கைக்கு ஒழுங்கை பற்பசை போட்டுத் தேய்த்தார்கள். அது கொஞ்ச நாள் பளபளக்கும், மேலே பூசியிருந்த காப்புப் பூச்சும் போய்விட்டதால் மறுபடி இன்னும் வேகமாக மஞ்சளாகும். நனைத்த சாண்ட் பேப்பரால் படிப்படியாகத் தேய்த்து, புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சடித்தால் நின்று பிடிக்கும். வயரும் கிழடு. பல்புக்குப் போகும் மின்னழுத்தம் பத்து வீதம் குறைந்தால் ஹலஜன் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது வீதம் குறையும். பற்றரியிலிருந்து நேரே தடித்த வயர் இழுத்து ஒரு ரிலே போட்டு, காரின் உடலோடு பிணைக்கும் எர்த் வயரின் துருவைச் சுரண்டினால் பழைய பல்பே விழித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் யார் செய்வார்கள்? பல்பை மாற்றுவது சுலபம். அழுக்குப் பிடித்த பிளாஸ்ரிக்குக்குப் பின்னால் அசுர வெளிச்சத்தை வைத்தால் அது முன்னால் போகாது, நாலாபக்கமும் சிதறும். ஓட்டுகிறவனுக்குப் பொனெட்டுக்கு முன்னால் பத்தடி பால்போலத் தெரியும். அதற்கப்பால் இருக்கும் குழி அப்படியே இருக்கும். அவனுக்கும் தெரியவில்லை, எதிரே வருகிறவனுக்கும் தெரியவில்லை. சமத்துவம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அரசு தூங்கிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீ லங்கா’ பிறந்த கையோடு பொலிஸார் பஸ்களையும் ஓட்டோக்களையும் மறித்து மின்மினி விளக்கு, மிகைச் சத்த ஹோர்ன், கண்ட கண்ட அலங்காரம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். பாணந்துறை 100ஆம் இலக்க பஸ்ஸில் புத்தருக்குப் பின்னால் சுழன்ற ஒளிவட்டமும் பிள்ளையாரைச் சுற்றி ஓடிய பச்சை லைட்டும் பயத்தோடு பிரயாணம் செய்த காலம் அது. நீல விளக்கு மினுக்கிய ஓட்டோத் தம்பிக்காக வாதாட நான் வரவில்லை. ஆனால் நிறத்தைப் பிடிக்கப் பொலிஸ்காரருக்குக் கண் போதும். வெள்ளை லைட்டைப் பிடிக்க ஓர் அளவு வேண்டும், அதைத் திணைக்களம் அவர் கையில் கொடுக்கவில்லை. ஆகவே பிள்ளையார் பிடிபடுகிறார், பிராடோ போய்விடுகிறது.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி முழு நாட்டையும் இருட்டாக்கியது என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். முழுத் தீவையும் டிம் பண்ண இந்த நாட்டில் ஒரு குரங்கால் முடிகிறது. ஒரு காரை டிம் பண்ண இவ்வளவு பெரிய திணைக்களத்தால் முடியவில்லை என்றால், ஆட்சேர்ப்புக் கொள்கையை மீளாய்வு செய்வது நல்லது.

சட்டம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடமாடுகிறது. கார்களுக்கு ஹலஜன் பல்ப் வந்ததே 1962இல். தனக்குப் பிறகு பிறந்த பல்பையும், அந்தப் பல்புக்குப் பிறகு பிறந்த சில்லையும் அந்தச் சட்டம் தாத்தாவைப்போல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மற்ற நாடுகளைப் பாருங்கள். ஜெர்மனி, ஹலஜனுக்குப் பதிலாக மாட்டும் எல்.ஈ.டி. பல்புகள் எல்லாவற்றையும் தடுத்து வைத்த நாடுதான். முதலில் 2020இல் ஒஸ்ராம் நிறுவனத்தின் ஒரு பல்பை மட்டும் அனுமதித்தார்கள், அதுவும் சோதித்துத் தேறிய குறிப்பிட்ட மொடல் கார்களுக்கு மாத்திரம். யப்பானிலோ கார் சில வருடங்களுக்கு ஒருமுறை ‘ஷாகென்’ என்ற பரீட்சைக்குப் போகவேண்டும். 1998 செப்டெம்பர் முதல் தயாரித்த கார்களின் டிம் லைட்டை அளந்து பார்க்கும் முறை 2015இல் தொடங்கியது. நம் வீதியில் ஓடுபவற்றில் பல யப்பானில் பிறந்த கார்கள். அங்கே கண்டிப்பான வாத்தியாரிடம் தலைகுனிந்து நின்ற அதே கார், கப்பலால் இறங்கி நமது துறைமுகக் காற்றுப் பட்டதும் தலைநிமிர்ந்து விடுகிறது. அந்த நாட்டிலும் இடதுபக்க ஓட்டம் என்பதால் அதன் லைட் நமது வீதிக்கென்றே செய்ததுபோல் பொருந்தும், அதைச் சும்மா விட்டாலே போதும். சும்மா விடுவதுதான் நமக்கு வராது.

கோரிக்கை ஒன்றே ஒன்று. புகைப் பரிசோதனை நிலையங்களில் சுவர் இருக்கிறது. கார் அதற்கு முன்னால்தான் நிற்கிறது. சமதரையில், சுவரிலிருந்து பத்து மீற்றர் தள்ளிக் காரை நிறுத்தட்டும். ஹெட்லைட்டின் நடு தரையிலிருந்து எவ்வளவு உயரமென்று அளந்து, சுவரில் அதற்குப் பத்து சென்றிமீற்றர் கீழே ஒரு கோடு கிழிக்கட்டும். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டை ஒட்டி விழவேண்டும், இடப்பக்கம் மட்டும் சற்று ஏறலாம். விளிம்பே இல்லாமல் சுவர் முழுக்க வெள்ளையடித்ததுபோல் பரவினால் அந்த பல்ப் அந்தக் காருக்கு ஆகாது, கழற்றச் சொல்லலாம். விளிம்பு இருந்து உயரம் மட்டும் பிழையென்றால், லைட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்குரூ இருக்கிறது, அங்கேயே திருகிவிடலாம். கம்பி செருகும் தம்பியே செய்வார், கொஞ்சம் குனிந்தால் போதும்.

இன்னொன்று. ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று இலக்கம் போட்ட ஒரு சின்னச் சக்கரம் பல கார்களில் உண்டு. அது ரேடியோவுக்கு அல்ல என்று ஒரு அறிவித்தல் வெளியிட்டால் புண்ணியம். நாலு பேரையும் பனங்கிழங்கு மூட்டையையும் பின்னால் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் இரவு முழுக்க வரும்போது பின்பக்கம் பதிந்து மூக்கு மேலே எழும்பும். அந்தச் சக்கரத்தைத் திருகினால் வெளிச்சம் கீழே இறங்கும். வவுனியாவில் எதிரே வருகிற லொறிச் சாரதியின் ஏச்சும் குறையும், அதில் பெரும்பகுதி நம் தாய்மாரைப் பற்றியது.

இந்தக் கோரிக்கைக்கு ஒரு குழு, குழுவுக்கு ஓர் உபகுழு, ஆய்வுக்கு ஜெனீவாப் பயணம் என்று போகவேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். கேள்விப்பத்திரமும் கோரவேண்டாம். இலக்கத்தகட்டுக்குக் கேள்விப்பத்திரம் கோரப் போய் 2025இல் புதுக் கார்கள் பெயரில்லாப் பிள்ளைகளாக ஓடித் திரிந்ததை நாடே பார்த்தது. சுவருக்கும் அந்தக் கதி வந்தால் தாங்கமாட்டோம்.

இங்ஙனம்,
எதிரே வருபவன்

இணைப்பு: வெள்ளைச் சோக்கட்டி 1, அளவு நாடா (10 மீற்றர்) 1, கறுப்பு ரேப் 1 சுருள். கணக்காய்வில் கேள்வி எழாதிருக்க இவற்றைப் பொருட்பதிவேட்டில் ஏற்றி, பற்றுச்சீட்டை மேற்படி முகவரிக்கு அனுப்பிவைக்கவும். சோக்கட்டி தேய்ந்து முடிந்தால் அறியத்தரவும். வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் பெட்டியாகவே கிடைக்கும்.