முழு செட்டின் மெய்க்கீர்த்தி

2005 முதல் 2014 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங்கின் சொந்தக்காரர் ஒருவர் ஆக்சிலரேட்டரை அழுத்திக் கிளம்புகிறார். பின்பக்கம் தடதடவென்று குதிக்கிறது. அந்த நேரத்தில் அவருக்கு முதல் ஆறுதலாக வந்து நிற்பது நீதான், பின் சஸ்பென்ஷன் மாற்றுப்பாகங்களின் முழு செட்டே! ஏன் குதிக்கிறது என்று நீ கேட்டதில்லை. டயர் எது, ஷாக் அப்சார்பர் எத்தனை ஆண்டு ஓடியது, ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இறக்கினார்களா என்ற துருவல் உன்னிடம் கிடையாது. வந்தவர் அனைவருக்கும் ஒரே பெட்டி. நாடி பிடிக்காமலே மருந்து கொடுக்கும் மனசு வேறு எந்த வைத்தியருக்கு வரும்?

உன் அழகைச் சொல்ல வேண்டும். ஆக்சிலைப் பாடியோடு இணைக்கத் தொழிற்சாலை கொடுத்த லோயர் ஆர்ம், தகட்டை அழுத்தி வளைத்த கறுப்புத் துண்டு. உன்னுடையதோ கனத்த குழாயில் செய்து, பற்றவைத்து, சிவப்புப் பவுடர் கோட்டிங் ஏற்றியது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்ப்பவர் ஒருவரைக்கூட நீ ஏமாற்றியதில்லை.

குதிப்பு எப்படி வருகிறது என்பதை நீ பொருட்படுத்துவதில்லை. எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றும்போது அதன் எதிர்விசை ஆக்சில் ஹவுசிங்கை முறுக்கி, பினியனின் மூக்கை மேலே தூக்கப் பார்க்கிறது. ஆர்ம்களின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் நசுங்குகிறது. டயர் பிடி விட்டதும் நசுங்கிய ரப்பர் விடுபட்டு ஹவுசிங் பின்னுக்கு அடிக்கிறது. டயர் மறுபடி பிடிக்கிறது, மறுபடி விடுகிறது. ஒரு நொடிக்குள் பல தடவை இது நடக்கும். தார்ச்சாலையில் நீண்ட கறுப்புக் கோடு விழ வேண்டிய இடத்தில் துண்டு துண்டாகக் கறை விழும். ஒவ்வொரு பிடிப்பும் ஆக்சில் ஷாஃப்டுக்கும் கிரவுன் பினியனுக்கும் ஒரு சம்மட்டி அடி. அதனால்தான் நெகிழ்வு எந்த இடத்தில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. கிழிந்த புஷ்ஷா, செத்த ஷாக்கா, ஆர்ம் நிற்கும் கோணமா? இத்தனை கேள்விக்கும் உன்னிடம் ஒரே பதில்: எல்லாவற்றையும் மாற்று.

உன் கொடைத்திறத்துக்கு ஓர் உதாரணம் போதும். தோற்றத்துக்காக ஒருவர் உன் ஸ்பிரிங்கைப் போட்டு வண்டியை ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் இறக்குகிறார். பாடி தாழ்ந்ததும் லோயர் ஆர்மின் முன்முனையும் கூடத் தாழ்கிறது. கிளம்பும்போது டயரைச் சாலையில் அழுத்தித் தந்த சாய்வு போய்விடுகிறது, குதிப்பு முன்னைவிட எளிதாகக் கிளம்புகிறது. உடனே நீ, ஆர்மின் பின்முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட்டை நீட்டுகிறாய். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்டு ராடு அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டதா? நீளம் மாற்றும் ராடு தயார். பினியன் கோணம் மாறியதா? நீளம் மாற்றும் அப்பர் ஆர்மும் தயார். ஒரு ஜோடி ஸ்பிரிங் கேட்டு வந்தவரை மேலும் மூன்று பாகங்களுக்கு உடைமையாளர் ஆக்கி அனுப்புகிறாய். கேட்டதை மட்டும் கொடுப்பவர்கள் உன்னிடம் பாடம் படிக்கலாம்.

உன் பாலியூரித்தேன் புஷ்ஷின் உறுதி தனி. ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது ஆர்ம் சற்றே திருகிக் கொடுக்க வேண்டும். ரப்பர் வளைந்து கொடுத்துவிடும். நீ கொடுக்க மாட்டாய். ஆக்சில் முரண்டு பிடித்து, திருப்பத்தில் வண்டி சட்டென்று வழுக்கினாலும் உன் கொள்கை மாறாது. கிரீஸ் வறண்டால் குரல் கொடுப்பாய். மஸ்டாங்கின் அப்பர் ஆர்ம் பின் சீட்டுக்கு அடியிலேயே பாடியைப் பிடிக்கிறது. அங்கே நீ போய் உட்கார்ந்தால், பொறியாளர்கள் ரப்பர் வைத்து அடக்கிய கியர் முனகல் முழுவதற்கும் ஒரே பிற்பகலில் விடுதலை. பின் சீட்டுக் குழந்தைகள் நெடுஞ்சாலை முழுக்க அதைக் கேட்டுக்கொண்டே வரலாம்.

உன் துணிவு பெரிய கம்பெனிகளுக்கு வாய்க்கவில்லை. 1967 காமரோவின் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் முறுகிக் குதித்தபோது செவர்லே என்ன செய்தது? ஆக்சிலுக்கு ஒரே பக்கத்தில் நின்ற இரண்டு ஷாக்குகளையும் 1968இல் பிரித்து, ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் வைத்தது. 2009 காடிலாக் சி.டி.எஸ்-வியில் இடது, வலது ஆக்சில் ஷாஃப்டுகளை வெவ்வேறு தடிமனில் செய்தார்கள். இரண்டும் ஒரே தாளத்தில் முறுகி அதிர்வைப் பெருக்கக் கூடாது என்பது கணக்கு. எது ஆடுகிறது என்று தேடி, அதை மட்டும் திருத்தும் சிக்கனம் அவர்களுடையது. தேடாமலே அனைத்தையும் கழற்றும் தாராளம் உன்னுடையது.

உன் புகழுக்கெல்லாம் மணிமுடி ஒன்று உண்டு. எல்லாப் பாகமும் ஒரே நாளில் மாறிவிடுவதால், குதிப்பு நின்றால் எது நிறுத்தியது என்று யாருக்கும் தெரியாது. லோயர் ஆர்ம் ஒரு ஜோடியே நிறுத்தியிருந்தாலும் பெட்டி மொத்தத்துக்கும் பேர். நிற்காவிட்டாலும் எதைக் குறை சொல்வது? வெற்றியில் எல்லாருக்கும் பங்கு, தோல்வியில் ஒருவருக்கும் பழி இல்லை.

உன்னை மதிக்காத ஒருவகை ஆளும் உண்டு. கிளம்பும்போது பின்சக்கரத்தைப் பக்கத்திலிருந்து ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்வார். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, புஷ்ஷுக்குப் பக்கத்தில் கம்பி கொடுத்து நெம்புவார். உள்குழாயைச் சுற்றி ரப்பர் வாய் பிளந்தால் அந்த ஆர்மை மட்டும் மாற்றுவார். ஷாக்கில் எண்ணெய் கசிந்தால் அதையே முதலில் மாற்றுவார். ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் அடுத்ததற்குப் போவார். குதிப்பும் நிற்கும், பாதிக்கு மேல் பணமும் கையில் நிற்கும், பின் சீட்டில் பேச்சும் கேட்கும். அவருக்கு உன் அருமை தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் வராது. நெம்புகம்பி எடுக்காத மற்ற அத்தனை பேருக்கும் நீயே கதி, முழு செட்டே, வாழ்க!