மருமவன் இடுப்பும் மாமன் திண்ணையும்

வாலே மருமவனே, வா. திண்ணை வேண்டாம், அது தாழ்வு. உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் பிடிக்கணும். அந்த மர நாற்காலியில உக்காரு. செருப்ப எதுக்கு இவ்வளவு நேரமா மல்லுக்கட்டிக் கழத்துதே? அதென்ன, வலது செருப்புக்கு மட்டும் பின்னால சரடு கட்டியிருக்கே? புது பேஷனா? சரி, அத அப்பறம் கேக்கேன்.

நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். உன் கதை உனக்கு முன்னாலயே பஸ் ஏறி வந்துட்டு. லோடு ஆட்டோவுல சிமெண்டு மூட்டை எறக்கும்போது இடுப்புல 'சுருக்'குன்னுது, ஏழு வாரம் ஆச்சு, டாக்டர் ஆபரேஷன் பண்ணிரலாம்னாரு, நீ யோசிச்சுச் சொல்லுதேன்னுட்டு வெளிய வந்தே. யோசிக்கதுக்கு நீ போன எடமும் தெரியும். முடிவெட்டுத கடை, டீக்கடை, கெடாவெட்டுக்கு வந்த ஒன்னுவிட்ட மச்சினன். டீக்கடைக்காரன் 'முதுகுல கத்தி வச்சா அப்பறம் படுத்த படுக்கைதான்'னு சொல்லியிருப்பான். மச்சினன் 'மூணாம் நாளே மூட்டை தூக்கலாம்'னு சொல்லியிருப்பான். ரெண்டு பேர்கிட்டயும் அவங்க முதுகக் காட்டச் சொன்னியா? ஒரு கீறல் இருக்காது.

இப்போ எங்கிட்ட வந்திருக்கே. கிழவன் 'வேண்டாம்லே'ன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டா, பழிய என் தலையில எறக்கி வச்சுட்டு நிம்மதியாப் போயிரலாம்னு கணக்கு. உங்க அம்மைக்கு அண்ணனாப் பொறந்ததுக்கு இத்தனை வருசம் சீர் செஞ்சது பத்தாதா?

கவரத் திறக்காதே. அந்தப் படத்த வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா எனக்குத் தெரியதெல்லாம் உரிச்ச மீன் முள்ளுதான். ரிப்போர்ட்ட மட்டும் படி. எல்-4, எல்-5 நடுவுல டிஸ்க்கு பிதுங்கி நரம்ப அமுக்குது. கூடவே 'தேய்மானம்'. ஓகோ, அந்த வார்த்தையப் பாத்துத்தான் ராத்திரி பூரா உன் பொண்டாட்டி அழுதாளா?

என் பேத்தி பிசியோதெரபி படிச்சவ. எனக்குத் தூக்கம் வராதப்ப இதையெல்லாம் வாசிச்சுக் காட்டுவா, நானும் தூங்கிருவேன். ஒண்ணு ரெண்டு மட்டும் காதுல தங்கியிருக்கு. முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேரப் படம் பிடிச்ச கணக்கையெல்லாம் 2015-ல ஒண்ணாச் சேத்துப் பாத்திருக்காங்க. இருவது வயசுல நூத்துக்கு 37 பேருக்கு டிஸ்க்கு தேய்மானம். எம்பது வயசுல 96 பேருக்கு. ஒருத்தனுக்கும் வலி கெடையாது, சோறு தின்னுட்டு நல்லாத் தூங்குதவங்க. தலையில நரைச்சா சாயம் பூசுதோம். உள்ள நரைச்சத ஒருத்தன் படம் பிடிச்சுக் குடுத்தா உடனே உயில் எழுதணுமாலே? அந்த ஒரு வார்த்தைக்காகக் கத்தி வைக்க வேண்டாம். அதுக்காக அழவும் வேண்டாம்.

பிதுங்குனது வேற சங்கதி. அதக் கேளு. டிஸ்க்குங்கது பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை மாதிரி. வெளிய கெட்டி மாவு, உள்ள பூரணம். குனிஞ்சவாக்குல மூட்டைய வெடுக்குன்னு தூக்குனே பாரு, ஓரம் கிழிஞ்சு பூரணம் வெளிய வந்து, காலுக்குப் போற நரம்பு மேல உக்காந்துட்டு. இப்படித்தான் கால்வலி வருதுன்னு 1934-ல பாஸ்டன் ஊர்ல மிக்ஸ்டர், பார்னு ரெண்டு டாக்டர்க எழுதி வச்சாங்க. அதுக்கு முன்னால உங்க பாட்டனுக்கு வந்தது 'வாயு'. வாயு போக பூண்டு தின்னாரு. பக்கத்துல படுத்தவங்க பட்ட பாடு வேற கதை.

வேடிக்கை என்னன்னா, பிதுங்குன பூரணத்த ஒடம்பே தின்னு தீக்கப் பாக்கும். சிந்துன பூரணத்துக்கு எறும்பு வருமே, அதே மாதிரி. அதுலயும் பெருசாப் பிதுங்குனதும், துண்டாக் கழண்டு விழுந்ததும்தான் பல பேருக்கு வெரசாச் சுருங்குதாம். 'ரொம்பப் பெருசு'ன்னு ரிப்போர்ட்டுல போட்டிருந்தா நீ மயக்கம் போடுதே. எறும்புக்கு அது விருந்து. பெரும்பாலான ஆளுக்கு ஆறு வாரத்துலருந்து மூணு மாசத்துக்குள்ள கத்தியில்லாமலே வலி மட்டுப்பட்டுருது.

இப்போ நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். டீக்கடையில ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான். உனக்கு ஜாஸ்தி வலிக்கது இடுப்பா, காலா?

முழிக்காதே. 'எல்லாந்தான் மாமா'ங்கது பதில் இல்ல. பொட்டியில கல்யாணச் சேலை எது, கட்டுச் சேலை எதுன்னு தெரியாமலா இருக்கும்? பிருஷ்டத்துலருந்து தொடை வழியாக் கெண்டைக்கால், பொறவு பாதம், பெருவிரல் வரைக்கும் கரண்டு அடிச்ச மாதிரி இழுக்கா? இருமுனா, தும்முனா கால் சுண்டுதா? அப்பன்னா அது நரம்பு. டிஸ்க்கு ஆபரேஷன் அதுக்குத்தான். இடுப்புல கீறுனாலும் அது கால்வலிக்குப் பண்ணுத வைத்தியம்லே. காலு வலிக்காம வெறும் இடுப்பு மட்டும் கடுக்கவன் போய்ப் படுத்தா, கெணத்துல மோட்டார் கெட்டதுக்கு வீட்டு ஓட்ட மாத்துன கதைதான்.

சரி, கால்தான்னு வச்சுக்கோ. இப்பவே பண்ணணுமா, பொறுத்துப் பண்ணணுமா? நெதர்லாந்துல உன்ன மாதிரியே ஆறுலருந்து பன்னெண்டு வாரமாக் கால்வலியில துடிச்ச 283 பேர ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு கூட்டத்துக்கு உடனே ஆபரேஷன். இன்னொரு கூட்டம் மாத்திரை, பிசியோன்னு பொறுக்கணும், தாங்கலன்னா அப்பறம் பண்ணிக்கலாம். 2007-ல வந்த முடிவு அது. ஒரு வருசம் கழிச்சுப் பாத்தா ரெண்டு கூட்டத்துலயும் நூத்துக்கு 95 பேரு தேறிட்டாங்க. ஆனா உடனே பண்ணுனவங்களுக்கு வலி சீக்கிரமா எறங்குச்சு. பொறுத்த கூட்டத்துல நூத்துக்கு 39 பேரு தாங்க முடியாம நடுவுலயே போய்ப் பண்ணிக்கிட்டாங்க.

வட்டிக்கு வாங்கி ஆவணியிலயே கல்யாணத்த முடிக்கதா, அறுப்பு முடிஞ்சு தையில முடிக்கதாங்கிற மாதிரித்தான். பொண்ணு ஒண்ணுதான், தாலி ஒண்ணுதான். அதுவரைக்கும் உன்னால தனியாப் பொங்கித் திங்க முடியுமாங்கதுதான் கேள்வி. ஆட்டோ ஓடலன்னா தவணை கட்ட முடியாதவனுக்கு நாலு மாசங்கது நாப்பது மாசம். அத டாக்டரால சொல்ல முடியாது, என்னால சொல்ல முடியாது. உன் வீட்டு அடுப்புதான் சொல்லும்.

இடையில எவனாவது 'பிளேட்டு வச்சு, ஸ்க்ரூ போட்டு முதுகையே கல்லாக்கிருதோம்'னா, ஏன் எதுக்குன்னு நல்லாக் கேளு. எலும்பு நழுவியிருக்கு, ஒடைஞ்சிருக்குன்னா அது வேற. சும்மா நாள்பட்ட இடுப்புவலிக்கு அப்படி எலும்ப ஒட்ட வைக்கதுக்கும், ஒழுங்கா விடாம உடற்பயிற்சி பண்ணுததுக்கும் பெரிய வித்தியாசம் தெரியலன்னு 2005-ல இங்கிலாந்துல 349 பேர வச்சுப் பாத்துச் சொல்லியிருக்காங்க. கென்னடி தெரியும்லா, அமெரிக்காவுக்கு ஜனாதிபதியா இருந்தவரு? 1944-லருந்து 1957-க்குள்ள முதுகுல நாலு ஆபரேஷன். 1954-ல பிளேட்டு வச்ச பொறவு தொத்து வந்து, பாதிரியாரக் கூப்பிட்டுக் கடைசி ஜெபம் சொல்லுத அளவுக்குப் போயிட்டாரு. மறுவருசம் பிளேட்டக் கழத்துனாங்க. ஜனாதிபதியான பொறவு 1961-ல ஹான்ஸ் கிரவுஸ்னு ஒரு டாக்டர் வந்து, கையக் கால ஆட்டுங்கன்னு பயிற்சி குடுத்ததுலதான் மனுசன் கொஞ்சம் நிமிந்தாரு. அவ்வளவு காசும் அதிகாரமும் இருந்தவருக்குக் கடைசியில கெடைச்சது நம்ம பள்ளிக்கூடத்து டிரில்லு வாத்தியார்தான்.

ஆனா ஒண்ணு. ஒட்ட வைக்கதுதான் முடிவுன்னா, மொதல்ல அந்தப் பீடிக்கட்ட எடுத்து எருக்குழியில போடு. பீடிப் புகை எலும்பு ஒட்டுததக் கெடுக்கும். என்ன, சட்டைப்பையத் தடவுதே? நான் ஒண்ணும் பாக்கல.

எனக்கு என்ன தெரியும்னு மனசுக்குள்ள கேக்குதே. கேளு, கேளு. என் முதுகுல ஏறாத வைத்தியமா? நொச்சி இலை ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், உளுந்தங்களி. களி மட்டும் நல்லா இருந்துச்சு, வலி போனதுக்கில்ல, கருப்பட்டிக்காக. பொறவு கால் முன்னால வந்து பொறந்தவன் மிதிச்சா பிடிப்பு விட்டுரும்னு உங்க அத்தை பக்கத்து ஊர்லருந்து ஒருத்தனக் கூட்டியாந்தா. அவன் பொறக்கும்போது கால்தான் முன்னால வந்துச்சோ என்னமோ, என் முதுகுல முழு ஆளும் ஏறுனான். அதுலருந்து ஒரு மாசம் படுத்துக் கெடந்தேன். படுத்தா சரியாகும்னு ஊரே சொல்லுச்சு. அதுவும் பொய். ரெண்டு நாள் படுக்கையில போட்டவங்களவிட, முடிஞ்ச அளவுக்கு நடமாடுனவங்கதான் சீக்கிரம் தேறுனாங்கன்னு பின்லாந்துல 1995-லயே கண்டுபிடிச்சாச்சு. அந்தச் சேதி நம்ம ஊருக்கு பஸ் ஏறவே இல்ல.

அப்பறம் எனக்கு வேற விதமா வந்துச்சு. சைக்கிள்ல எட்டு மைல் சந்தைக்குப் போயிட்டு வருவேன், ஒண்ணும் செய்யாது. தெருக்கோடி வரைக்கும் நடந்தா ரெண்டு காலும் மரத்துப்போய்க் குத்தவச்சிருவேன். குனிஞ்சா சொகம், நிமிந்தா வலி. 'பெரியவருக்குக் களையெடுக்கத்தான் கால் வலி, சினிமாவுக்குப் போக வலியில்ல'ன்னு பயலுக சிரிச்சானுக. அது பித்தலாட்டம் இல்லலே, வயசானதுல முதுகுத்தண்டுக் குழாய் சுருங்கிப்போச்சு. குனிஞ்சா குழாய் கொஞ்சம் விரியும், அதான் சைக்கிள்ல சொகம். ஆபரேஷன்னு சொன்னதும் ரெண்டு வருசம் ஓடி ஒளிஞ்சேன். உன்ன மாதிரியே பழி போட ஒரு கிழவனத் தேடுனேன். எனக்கு மூத்தவன் ஒருத்தனும் உசிரோட இல்ல.

சட்டையத் தூக்குதேன், பாரு. நாலு வெரல் நீளத் தழும்பு. ஒம்பது வருசம் ஆச்சு. உங்க யாருக்கும் சொல்லல. 'திருச்செந்தூர் போறேன்'னுட்டுப் போனேன், விபூதிய இங்கனயே கடையில வாங்கிக் குடுத்தேன். இப்போ கண்மாய்க்கரை சுத்தி நடக்கேன். இடுப்புல கடுப்பு அப்படியேதான் இருக்கு. கால் போச்சுன்னு பயந்தேன், கால் வந்துட்டு. டாக்டரும் அத மட்டுந்தான் சொல்லியிருந்தாரு.

அதனால டாக்டர்கிட்டப் போய் 'நல்லாயிருமா சார்'னு கேக்காதே. நல்லாயிரும்பாரு, வேற என்ன சொல்லுவாரு? எது நல்லாகும், கால்வலியா இடுப்புவலியான்னு கேளு. வெறும் பிதுங்கலத்தான் எடுக்கீங்களா, ஸ்க்ரூவும் உண்டான்னு கேளு. பண்ணலன்னா என்ன ஆகும்னு கேளு. எடுத்த எடத்துலயே மறுபடி பிதுங்கவும் செய்யும், சில பேருக்கு நடக்கத்தான் செய்யுது, அதையும் கேளு. கோவப்பட்டா வேற டாக்டரப் பாரு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வச்சிருக்கேலா? குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. உன் வைத்தியம் அதுல அடங்குமான்னு படுக்கதுக்கு முன்னாலயே விசாரி.

இம்புட்டு நேரம் கேலி பேசுனேன். இனிமே சொல்லுததுக்குச் சிரிக்காதே. ராத்திரி காய்ச்சல், ஒடம்பு மெலியுது, படுத்தாலும் வலி விடலன்னா, அது டிஸ்க்கே இல்லாம முதுகெலும்புல காசநோயா இருக்கலாம். நம்ம நாட்டுல அது உண்டு. அதுக்குப் பெரும்பாலும் மாத்திரையே போதும்னு மெட்ராஸ்லயே ஆராய்ச்சி பண்ணிக் காட்டியிருக்காங்க. அதையும் சூடு பிடிச்சிருக்குன்னு எண்ணெய் தேச்சுக் கெடுத்தவங்கள நான் பாத்திருக்கேன். இன்னொண்ணு, தண்டுவடம் முடியுத எடத்துல நரம்பெல்லாம் கொத்தாத் தொங்கும். அதுக்கு டாக்டர்க வச்ச பேருக்கு லத்தீன்ல குதிரை வாலுன்னுதான் அர்த்தமாம். அந்த வாலு நசுங்குனா சைக்கிள் சீட்டுல படுத எடமெல்லாம் மரத்துப்போகும், மூத்திரம் அடைக்கும், இல்ல தெரியாமப் போகும். அப்போ யோசனை, டீக்கடை, மாமன் ஒண்ணும் கெடையாது. ராத்திரி ரெண்டு மணின்னாலும் பெரியாஸ்பத்திரி. 48 மணி நேரம் தாண்டுனா போனது திரும்புததே கஷ்டம். உனக்கு அப்படி இருக்கா? இல்லேல்லா? சாமி காப்பாத்துச்சு.

மூணாவது ஒண்ணு இருக்கு. வலி இல்ல அது, பெலம். வலி குறைஞ்சுட்டேன்னு சந்தோசப்படுவான், பாத்தா பாதம் தூக்க வராது. நடக்கும்போது செருப்பு தன்னால கழண்டு விழும், விழுந்ததுகூடத் தெரியாது.

என்னலே, பேச்சையே காணோம்?

எந்திரி. இடுப்பு பெல்ட்ட விடு, மெதுவா எந்திரி. அந்த வேப்பமரம் வரைக்கும் குதிகால்ல நட, முன்பாதம் தரையில படாம. இடது நல்லா வருது. வலதத் தூக்கு. தூக்குலேங்கேன். சரி, நில்லு, விழுந்திராதே. இங்கன வந்து உக்காரு, கால நீட்டு. பெருவிரல மேல மடக்கு, நான் வெரல வச்சு அமுக்குதேன். இன்னும் அழுத்தி.

எத்தனை நாளா அந்தச் சரடு கட்டியிருக்கே?

பத்து நாளா... டாக்டர்கிட்ட சொன்னியா? 'செருப்பு பழசு'ன்னு நெனச்சியாக்கும். ஆட்டோச் சாவிய இங்கன குடு, பிரேக்கு மிதிக்க கால் அது. பேத்திக்கு நான் போன் போடுதேன். ஏ தாயி, மருமவனுக்கு ஒரு வாய் காப்பி போடு, நாங்க இப்பவே கெளம்புதோம். உன் பொண்டாட்டிகிட்ட திருச்செந்தூர் போறோம்னு சொல்லாதே, உண்மையவே சொல்லு. கவர எடுத்துக்கோ. அந்தச் சரட அவுக்காதே, டாக்டர் பாக்கட்டும்.